கிண்டிலா, டேப்லெட்டா? உசிலம்பட்டி டீச்சருக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து வேலை பார்க்கும் ஒரு டீச்சர், இரண்டு வருஷமாகப் போனிலேயே நாவல் படித்துக் கண் எரிகிறது என்கிறார். கையில் பதினைந்திலிருந்து பதினெட்டாயிரம் வரை இருக்கிறது. கிண்டில் மாதிரி படிப்பதற்கென்றே உள்ள இ-ரீடர் வாங்குவதா, இல்லை அதே காசுக்கு ஒரு பெரிய டேப்லெட் வாங்கினால் கண்புரை ஆபரேஷன் முடிந்த அப்பாவும் பிளஸ் டூ படிக்கும் மகளும் சேர்ந்து பயன்படுத்திக்கொள்வார்களே, எது சரி என்று கேட்கிறார். கூடவே ஒரு வரி: "சேர்த்து வைத்த பழைய புத்தக பிடிஎஃப் ஒரு நாற்பது இருக்கும்."

டீச்சர், அந்தக் கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மொத்த விஷயமும் அந்த நாற்பதில்தான் இருப்பதாகத் தெரிகிறது. நான் சிம்மக்கல் பக்கம் இருபது வருஷம் டி.டி.பி. வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், யாருமே வாங்காத கவிதைத் தொகுப்பு எல்லாம் அடித்திருக்கிறேன். அப்புறம் பத்து வருஷமாகப் பதிப்பகங்களுக்கு இ-புத்தகம் செய்து கொடுக்கிறேன். திரை எப்படி, பேட்டரி எப்படி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், நானும் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் படிக்கப்போகும் ஃபைல் எந்த ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் படிக்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

இரண்டு வகை. ஒன்று, உள்ளே எழுத்து எழுத்தாகவே இருக்கும் ஃபைல். ஈபப் என்கிற இ-புத்தக ஃபைல், அமேசானின் கிண்டில் கடையில் வாங்குகிற புத்தகம் எல்லாம் இந்த வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும், திரை சின்னதா பெரியதா என்ற கவலையே இல்லை, ஊற்றுகிற பாத்திரத்தின் வடிவத்துக்குத் தண்ணீர் நிற்பது மாதிரி. இன்னொன்று பக்கத்தைப் படம் பிடித்து வைத்த ஃபைல், அதாவது ஸ்கேன் பிடிஎஃப். அதில் எழுத்தே கிடையாது, எழுத்தின் போட்டோதான். பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகித் திரைக்கு வெளியே ஓடும், நீங்கள் விரலால் இழுத்து இழுத்துத் துரத்த வேண்டும்.

தமிழுக்கென்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை உண்டாக்கியதில் என் கைக்கும் பங்கு உண்டு. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்டில் அடித்த பிடிஎஃப். கண்ணுக்கு ஜம்மென்று தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழே இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்த இடத்தில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிடுவதுதான் அந்த ஃபாண்டின் வேலை. முகமூடியைக் கழற்றினால் கந்தரகோலம். தமிழைத் தமிழ் எழுத்தாகவே ஃபைலுக்குள் வைக்கும் முறைகளான யூனிகோடையும் டேஸ்-16ஐயும் 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது. எங்கள் தெருவில் அதற்கப்புறமும் பல வருஷம் பழைய ஃபாண்ட்தான் ஓடியது, கை பழகிவிட்டது, என்ன செய்ய. இந்த ஃபைலை ஈபப் ஆக மாற்றினால் அலங்கோலமாக வரும், தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது, சத்தமாக வாசிக்கச் சொன்னால் மெஷின் ஏதோ ஆங்கிலத்தில் உளறும்.

இப்போது தமிழ்ப் புத்தகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிண்டில் கடையில் தமிழ் முறையாக வந்தது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்த்து. இன்றைக்கு அங்கே நாவல், சிறுகதை, துப்பறியும் கதை, குடும்பக் கதை எதற்கும் குறைவில்லை. கிண்டில் அன்லிமிடெட் என்று மாதச் சந்தா கட்டினால் தமிழில் மட்டுமே படித்துத் தீராது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக ஈபப் தருகிறார்கள். ஒரு காலத்தில் இ-ரீடர்களில் தமிழ் உடைந்து தெரியும் (நான் முதலில் வைத்திருந்த ஒன்றில் ஒற்றைக்கொம்பு தனியாக, எழுத்து தனியாக, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி நிற்கும்), அதற்காகவே ஆறு இன்ச் திரைக்கு அளவெடுத்துத் தைத்த பிடிஎஃப்பும் அவர்கள் போட்டார்கள். அப்புறம் நம்ம ஊர்ப் பேரிலேயே இருக்கும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. பேர்தான் மதுரை, தொடங்கிய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில், கூட நின்ற குமார் மல்லிகார்ச்சுனன் அமெரிக்காவில். சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து யூனிகோடில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களும் நிறையப் பேர். ஆக, காசே கொடுக்காமல் எழுத்து எழுத்தாகப் படிக்க ஒரு ஆயுசுக்குக் காணும்.

ஆனால் கொஞ்சம் தோண்டிப் படிக்கிறவர் என்றால் கதை மாறிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகத்தில் இருக்கும் பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் ஸ்கேன்தான். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் இங்கே மதுரையில் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் மாதிரி ஒன்றைத் திரையில் படிக்க வேண்டுமென்றால் பக்கப் படமாகத்தான் கிடைக்கும். உங்கள் நாற்பதும் இந்த வகையாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

சரி, திரை அளவுக்கு வருவோம். இன்ச் கணக்கு யாருக்கும் கண்ணில் நிற்காது, அதனால் ஒரு ஏ4 தாளை எடுங்கள். ஒரு முறை மடியுங்கள். கிட்டத்தட்ட அதுதான் 11 இன்ச் டேப்லெட்டின் திரை. இன்னொரு முறை மடியுங்கள். கிட்டத்தட்ட அதுதான் 7 இன்ச் கிண்டில் பேப்பர்வொயிட். அதிலிருந்து சுற்றிலும் அரை விரல்கடை குறைத்தால் ஆறு இன்ச் சின்ன கிண்டில். இப்போது வீட்டில் இருக்கும் சாதாரண நாவல் ஒன்றைத் திறந்து, இரண்டாக மடித்த தாளை ஒரு பக்கத்தின் மேல் வையுங்கள். நம் பதிப்பகங்கள் அதிகம் போடும் டெமி அளவு என்றால் கிட்டத்தட்டப் பக்கம் முழுவதும் மறைந்துவிடும். அதாவது டெமி புத்தகத்தின் ஸ்கேனை 11 இன்ச் டேப்பில் போட்டால் அச்சில் இருந்த அளவிலேயே எழுத்து தெரியும். நாலாக மடித்த தாளை வைத்தால் ஓரத்து வெள்ளையை வெட்டிய பிறகும் எழுத்து முக்கால்வாசி அளவுக்குச் சுருங்கும், ஆறு இன்ச்சில் இன்னும் கீழே போகும். பதினொரு பாயின்டில் அச்சடித்தது எட்டு பாயின்ட் மாதிரி, ரேஷன் கார்டின் பின்பக்கம் மாதிரி. மகளுடைய பள்ளிப் பாடப்புத்தகம் ஏறக்குறைய ஏ4 அளவு, அது 7 இன்ச்சில் சரிபாதி ஆகிவிடும். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தாள் பொய் சொல்லாது.

இதில் தமிழுக்கு இன்னொரு தனிக் கஷ்டம் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுகிற ஒப்பீடுகளில் இது வரவே வராது. நம் சொற்கள் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று எழுத்தாளர் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ஆறு இன்ச் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் அந்த ஒரு சொல் ஒரு வரியைத் தின்றுவிடும். மேல் வரியில் இரண்டு சொல், நடுவில் வைகையில் தண்ணீர் இல்லாத காலத்து மணல்திட்டு மாதிரி வெள்ளை. ஆங்கிலத்தில் ஆறு இன்ச்சில் சுகமாகப் படிக்கும் எழுத்தளவுக்கு, தமிழில் ஏழு இன்ச்சாவது வேண்டும் என்பது என் அனுபவம். சின்னதுதான் கையில் இருக்கிறது என்றால் இருபுற ஓரமும் சீராக நிற்கும் அமைப்பை எடுத்துவிட்டு இடது ஓரம் மட்டும் சீராக வையுங்கள், கிண்டில் அமைப்புகளிலேயே இருக்கிறது. திரையைப் படுக்கவசமாகத் திருப்பினாலும் கொஞ்சம் மூச்சு விடும்.

அப்புறம் கண். இ-ரீடரின் திரையில் நுண்ணிய குப்பி குப்பியாக இருக்கும், ஒவ்வொன்றிலும் கோலமாவும் கரித்தூளும் கலந்த மாதிரி வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும் திரவத்தில் மிதக்கும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம், அதனால் மின்சாரம் கொடுக்கிற திசையைப் பொறுத்து ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது வந்தபடி நின்றுவிடும், நிற்பதற்குக் கரண்ட் வேண்டாம், பக்கம் திருப்பும்போது மட்டும்தான் வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்து 1997-ல் இ-இங்க் என்று கம்பெனியான சரக்கு, 2004-ல் சோனி இதை வைத்து ஒரு ரீடர் போட்டது, 2007-ல் கிண்டில் வந்தது. டேப்லெட் திரை டியூப்லைட்டுக்கு முன்னால் கலர் கண்ணாடி பிடித்த மாதிரி, வெளிச்சம் உள்ளேயிருந்து உங்கள் கண்ணை நோக்கி வருகிறது. இ-இங்க் தாள் மாதிரி, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. பேப்பர்வொயிட்டில் லைட் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் ஓரத்திலிருந்து திரையின் மேல் விழுந்து திரும்புகிற வெளிச்சம்தான்.

இதனால் நமக்கு என்ன லாபம்? நம்ம ஊர் வெயிலில் லாபம். காலை ஒன்பது மணி வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழும்போது டேப்லெட்டில் உங்கள் முகமும் பின்சீட்டுக்காரர் முகமும்தான் தெரியும். இ-ரீடரில் வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். ஆனால் மொட்டைமாடியில் வைத்துவிட்டுக் கீழே போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். கிண்டிலாகட்டும் ஐபேடாகட்டும், 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்லித்தான் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையில் 35 டிகிரி என்பது நிழலில்கூடக் கிடைக்காது. நடைமுறையில் இ-ரீடர் தாங்கிக்கொள்கிறது, டேப்லெட்தான் சூடாகிவிட்டது என்று மெசேஜ் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

கண் எரிச்சல் மொத்தமும் இ-ரீடர் வாங்கினால் போய்விடும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். எதை உற்றுப் பார்த்தாலும் நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. போன் திரை சின்னது என்பதால் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறோம், அது போதாதென்று ஃபேனுக்கு நேர் கீழே படுத்துப் படிக்கிறோம். இன்னொன்று, மகள் பிளஸ் டூ என்றால் உங்களுக்கு நாற்பதை ஒட்டித்தான் வயசு இருக்கும், வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கிற வயசு. பதினேழாயிரம் செலவழிக்கிறதுக்கு முன்னால் கண்ணை ஒரு தடவை காட்டிவிடுங்கள், மதுரையில் வேலை பார்க்கிறவருக்குக் கண் காட்ட இடம் நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி போட்டதும் போனிலேயே சுகமாகப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

ராத்திரி படிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு ஆராய்ச்சி பற்றிச் சொல்லலாம். 2014 கடைசியில் ஹார்வர்டுகாரர்கள் வெளியிட்டது. படுக்கும் முன் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வர சுமார் பத்து நிமிஷம் கூடுதலாக ஆனது, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் குறைந்தது. இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் சொல்லாமல் விடுவது: அதில் இருந்தது 12 பேர், வெளிச்சம் முழு அளவில், தினமும் நாலு மணி நேரம். நாம் அரை மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் படிப்பதற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது நீல ஒளியை விட குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான்.

பேட்டரி பற்றி 'ஆறு வாரம்', 'பன்னிரண்டு வாரம்' என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பொய் இல்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். சின்ன கிண்டிலின் ஆறு வாரம் என்பது வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால். 42 நாள், அரை அரை மணி, ஆக 21 மணி நேரம். ஒரு நல்ல டேப்லெட் பத்து மணி நேரம் ஓடும். நிஜ வித்தியாசம் எங்கே என்றால், சும்மா வைத்திருக்கும்போது. முழுப் பரீட்சை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக மறந்த இ-ரீடரை, திரும்பி வந்து திறந்தால் விட்ட பக்கத்திலேயே நிற்கும். டேப்லெட் செத்துக் கிடக்கும்.

எடை, உங்கள் விஷயத்தில், இதைவிட முக்கியம். சின்ன கிண்டில் 158 கிராம், பேப்பர்வொயிட் 211, சாதாரண 11 இன்ச் டேப்லெட் 480 கிராம் சுற்றி, உறை போட்டால் முக்கால் கிலோவைத் தொடும். செக்கானூரணி தாண்டும் வரை உட்கார இடம் கிடைக்காத நாளில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மற்ற கையில் அரைக் கிலோவைத் தூக்கிப் பிடித்து நாவல் படிக்க முடியாது. அதோடு தைரியமும் வராது, பெரிய டேப்லெட்டை நீட்டிக்கொண்டு அரப்பாளையத்தில் இறங்கும் கூட்டத்தில் நிற்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

இப்போது வீட்டு அரசியல். நீங்கள் வீட்டுக்குப் பொதுவாக ஒரு டேப்லெட் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதல் வாரம் உங்கள் கையில் இருக்கும். இரண்டாவது வாரம் மகள் வேதியியல் வீடியோ பார்க்க எடுப்பாள், அது வேதியியலோடு நிற்காது. மூன்றாவது வாரம் அப்பா பழைய பாட்டு கேட்பார். நாலாவது வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கேம் விளையாடும். நீங்கள் சமையலை முடித்து, நோட்டு திருத்தி, பத்து மணிக்குப் படிக்கத் தேடினால் சார்ஜ் நாலு சதவீதத்தில் சோபாவுக்கு அடியில் கிடக்கும். இ-ரீடரை யாரும் பிடுங்க மாட்டார்கள். கருப்பு வெள்ளை, மெதுவாக நகரும், பாட்டு பாடாது, பக்கம் திருப்பினால் ஒரு தரம் கண்ணடிக்கும், வீட்டில் வேறு யாருக்கும் அதில் ஒரு சுவாரசியமும் கிடையாது. என்னைக் கேட்டால் அதன் பெரிய குணமே அதுதான். எங்கள் வீட்டில் என்னுடையது என்று யாரும் தொடாத ஒரே பொருள் அதுவும் என் சவரக் கத்தியும்தான்.

அதன் பெரிய குறையையும் சொல்லிவிடுகிறேன். இ-இங்க் திரை ரொம்ப நோஞ்சான். மேலே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே மட்டும் நொறுங்கிவிடும். என்னுடைய ஒன்று அப்படித்தான் போனது. பையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் திருமங்கலம் பஸ்ஸில் நெரிசலில் வந்தேன், இறங்கித் திறந்தால் பாதித் திரையில் கோடு கோடாக நிற்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். டேப்லெட் டிஸ்ப்ளே என்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றித் தருகிற பையன்கள், இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "அண்ணே, இதுக்கு பார்ட்ஸ் வராதுண்ணே" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் திரையை மட்டும் வாங்கலாம் என்று விலை பார்த்தால் புதிதாக ஒன்று வாங்கும் விலையில் பாதிக்கு மேல். ஆகவே கெட்டி அட்டை உள்ள உறையோடு சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள், சாப்பாட்டுப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு இ-ரீடர் வேண்டாம். அவருக்கு எழுத்து விரல்கடை அளவுக்கு வேண்டியிருக்கும், மேலே சொன்ன நீளச் சொல் பிரச்சினை அங்கே உச்சத்துக்குப் போகும், வரிக்கு ஒரு சொல் வைத்துப் படித்தால் கதை ஓடாது. அதோடு இ-ரீடரைத் தொட்டால் அது அரை நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும், அதற்குள் அவர் இரண்டு தடவை தட்டிவிடுவார், மூன்று பக்கம் தாண்டிப் போய் நிற்கும். அவருக்கு 10, 11 இன்ச் டேப்லெட், வெளிச்சத்தைக் குறைத்து, மேஜையில் சாய்த்து வைத்துவிட வேண்டும். கண் சோர்ந்தால் கூகுளின் குரல் தமிழில் வாசித்துக் காட்டும், கொஞ்சம் ரேடியோ செய்தி மாதிரி இருந்தாலும் புரியும். ஆனால் பழையபடி அதே கண்டிஷன்தான்: உள்ளே யூனிகோடு எழுத்து இருந்தால் வாசிக்கும், ஸ்கேன் என்றால் ஊமை, பாமினி என்றால் உளறல்.

மகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடப்புத்தகம் அச்சிலேயே கையில் இருக்கிறது. மேற்கொண்டு படிக்க இடம் வேண்டுமென்றால் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு லீவு நாளில் கூட்டிப் போங்கள், ஏ.சி.யில் உட்கார்ந்து படிக்கலாம். பரீட்சை வருஷத்தில் டேப்லெட் எதற்கு என்பது என் கட்சி, உங்கள் வீட்டில் வேறு கட்சியாக இருக்கலாம்.

கிண்டில் வாங்குகிறவர் ஒரு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும். கடையில் வாங்குகிற புத்தகம் உங்கள் சொத்து கிடையாது, படிக்க அனுமதிதான். முன்பெல்லாம் வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாக ஏற்ற ஒரு வழி இருந்தது, 2025 பிப்ரவரி 26-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்களிடம் வேறு வழியில் இருக்கும் ஈபப்பை அனுப்பிப் படிப்பதற்குத் தடை இல்லை, 'சென்ட் டு கிண்டில்' 2022-லிருந்து ஈபப்பையும் வாங்கிக்கொள்கிறது. கிண்டில் கடைப் புத்தகத்தை டேப்லெட்டிலோ போனிலோ ஆப் போட்டுப் படிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். டேப்லெட்டில் எல்லாக் கடையும் திறக்கும், கிண்டிலில் ஒரே கடைதான் திறக்கும். ஆண்ட்ராய்டில் ஓடும் இ-இங்க் டேப்லெட் என்று பூக்ஸ் மாதிரி கம்பெனிகள் போடுகின்றன, பத்து இன்ச்சில் ஸ்கேனும் படிக்கலாம், கண்ணுக்கும் இதம். ஆசையாகத்தான் இருக்கிறது, உங்கள் பட்ஜெட் போல் இரண்டு மடங்கு கேட்பார்கள், உடைந்தால் நான் டவுன்ஹால் ரோட்டில் நின்ற கதைதான். கலர் இ-இங்க்கும் வந்திருக்கிறது, கருப்பு வெள்ளைக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி என்றால் கலருக்கு 150தான், நாவலுக்கு அது வீண் செலவு.

ஆக என் தீர்ப்பு: உங்களுக்கு ஒரு 7 இன்ச் பேப்பர்வொயிட். 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய்க்கு இங்கே வந்தது, தள்ளுபடி நாளில் குறையும், பொறுத்து வாங்குங்கள். அது உங்கள் ஒருவருக்கு மட்டும். அப்பாவுக்கு டேப்லெட் அடுத்த வருஷ போனஸில் பார்த்துக்கொள்ளலாம், அவர் இத்தனை நாள் பேப்பரை வெயிலில் பிடித்துப் படித்தவர், ஒரு வருஷம் பொறுப்பார். ஆனால் உங்கள் படிப்பில் பாதிக்கு மேல் அந்த நாற்பது மாதிரி ஸ்கேன்தான் என்றால் இந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு 11 இன்ச் டேப்லெட் வாங்குங்கள், வீட்டுக்காரர்களிடம் சண்டை போட்டுக்கொண்டாவது.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஸ்கேனைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும், தமிழை ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே படிக்கிறது. பெரிய ஃபைலைச் சின்னச் சின்னதாக வெட்டி ஏற்ற வேண்டும். பிழை வரும்: காலும் ரகரமும் ஒரே முகம் என்பதால் ஒன்றை ஒன்றாக எடுத்துக்கொள்ளும், 'எ' வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு வந்து உட்காரும், பார்க்க வித்தியாசமே தெரியாது, தேடும்போதுதான் தெரியும். பிழை திருத்திய எழுத்தை காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஈபப் ஆக்கிவிடலாம். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மூன்று சாயங்காலம் போகும். நாற்பதுக்கும் செய்ய முடியாது, திரும்பத் திரும்பப் படிக்கிற நாலைந்துக்குச் செய்யலாம்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நாற்பதில் நீங்கள் நிஜமாகவே இந்த வருஷம் படிக்கப்போகிற ஐந்தை மட்டும் போனில் திறங்கள். ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். நீலம் பூசிக்கொண்டு சொல் தனியாகத் தேர்வாகிறதா? தேர்வானால், காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுகிறதா, கந்தரகோலமாக விழுகிறதா? ஐந்தில் எத்தனை எந்தப் பக்கம் என்று எண்ணி எழுதுங்கள் டீச்சர், கந்தரகோலம் எதுவும் இருந்தால் எந்த ஃபாண்ட் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். நானே அடித்ததாகக்கூட இருக்கலாம்.